அளவுக்குக் கொடுத்த ஆள்

என்னை அளவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது மாடியில், ரெஜினா அக்கா வீட்டு முன்னறையில், ஜன்னல் கம்பியில் மாட்டிய ஹேங்கரில் தொங்குகிறேன். காற்று நன்றாக வருகிறது. வேளைக்குக் காபி கொடுக்கிறார்கள்.

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது கூடவே பழைய ஜாக்கெட் ஒன்றையும் அளவுக்குக் கொடுப்பார்கள் அல்லவா, அது மாதிரிதான். என் மனைவி வசுமதி புதிதாக ஒரு புருஷன் தைக்கக் கொடுத்திருக்கிறாள். அளவுக்கு நான்.

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் இது சகஜம். வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் கையால் எதையாவது செய்யலாமே என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தோம். வசுமதி தையல். நான் பின்னல். ரெஜினா அக்கா கம்பளிப் பஞ்சின் மேல் வெந்நீரும் சோப்பும் விட்டு, தேய்த்துத் தேய்த்துக் கெட்டியாக்கி ஃபெல்ட் செய்வார். திருச்சி வெயிலில் கம்பளி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நான் டிவி ரிமோட்டுக்கு ஸ்வெட்டர் பின்னினேன். ஊறுகாய் பாட்டிலுக்குக் குல்லாய் பின்னினேன். வசுமதி கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை தைத்தாள். சிலிண்டர் மாற்ற வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "அவங்க டிரெஸ் மாத்தட்டுங்க, நான் வெளியே நிக்கிறேன்" என்று போய்விட்டார்.

சந்தோஷமாகத்தான் இருந்தோம். அப்படி நினைத்திருந்தேன். சாயங்காலங்களில் என் ஊசிகள் ஒரு பக்கம் சத்தம் போடும், அவள் மெஷின் மறுபக்கம் ஓடும். நடுவில் நான் ஜோக் சொல்வேன். ஜோக் முடியும் இடத்தில் மெஷின் நிற்கும். கேட்பதற்காக நிறுத்துகிறாள் என்று எண்ணியிருந்தேன். நூல் மாற்றுவதற்காக நிறுத்தினாள் என்று பிறகு தெரிந்தது.

அவளே தைத்திருக்கலாம். ஆனால் தன் ஜாக்கெட்டைத் தானே தைத்தால் கழுத்து சரியாக வராது என்பாள். புருஷனும் அப்படித்தானாம். ஒரு காலையில் என்னை ரெஜினா அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

"உடம்பு இதே அளவு போதும்க்கா. தோள்ல மட்டும் கொஞ்சம் லூசு விடுங்க."

"வயிறு?"

"வயித்துல பிடிச்சிருங்க. உள்ளே துணி விட்டுத் தைங்க. வேணும்னா பின்னாடி பிரிச்சுக்கலாம்."

"பேச்சு?"

"பேச்சைப் பாதியா வெட்டிருங்க. ஜோக்கு வேண்டவே வேண்டாம். பிளெய்னாப் போதும்."

"சின்னதா ஒரு ஜோக்கு ஓரத்துல இருக்கட்டுமே, பார்டர் மாதிரி" என்றேன்.

"அளவு பேசுதேம்மா" என்றார் ரெஜினா அக்கா.

"அதுக்குத்தான்க்கா சொல்றேன்" என்றாள் வசுமதி.

மறுநாள் மறுபடி வந்தாள். கையில் பெரிய ஜவுளிக்கடைப் பை. பைக்குள் முதல் மாடி கோதண்டம் இருந்தார். குழாய், மிக்ஸி, ஃபேன் எல்லாம் பழுது பார்ப்பவர். தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

"அவங்க வீட்ல கேட்டு வாங்கிட்டு வந்தேன்க்கா. உடம்பு அதுல இருக்கிற மாதிரி. கை மட்டும் இதுல இருக்கிற மாதிரி வைங்க."

'அது' என்றது என்னை. 'இது' என்றது கோதண்டத்தை.

என்னிடம் ஒழுங்காக இருப்பதே கை ஒன்றுதான். மற்றவற்றைப் பற்றி எனக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. தோளைச் சொன்னாள், சரி. வயிற்றைச் சொன்னாள், நியாயம். கையைச் சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை.

கோதண்டத்தை எனக்குப் பக்கத்து ஹேங்கரில் மாட்டினார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றார்.

"பரவாயில்லை."

"எனக்குக் கை மட்டும்தான்."

"கேட்டுச்சு."

"உங்க வீட்டுக் குழாயை ஒரு தடவை பார்த்தேன். அவ்வளவுதான்."

"இன்னும் ஒழுகுது."

"அப்படியா?"

இருவரும் அவர் கைகளைப் பார்த்தோம். பெரிய கைகள். பின்னினால் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு நூல் இழுக்கும்.

ஒரு மத்தியானம் ரெஜினா அக்கா வெந்நீர் வைக்கப் போன நேரத்தில் இறங்கி வீட்டுக்குக் கிளம்பினேன். எங்கள் வீடு ஒரு மாடிதான் கீழே. ஆனால் எண்ணாமல் பின்னினால் கண்ணி கூடிக்கொண்டே போகுமே, அப்படி ஒவ்வொரு திருப்பத்திலும் படி கூடியது. வீட்டை அடைந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

வசுமதி கதவைத் திறந்தாள்.

"அதுக்குள்ள தைச்சாச்சா?"

"இல்லை. வீட்டு ஞாபகம் வந்துருச்சு."

"என்னங்க நீங்க. அளவு இல்லாம அக்கா எப்படித் தைப்பாங்க?"

"முடிஞ்சதும் என்னைக் கூட்டிட்டு வந்துருவல்ல?"

"பின்ன? அளவை யாராவது அங்கேயே விட்டுட்டு வருவாங்களா?"

என்னை மடித்துப் பையில் போட்டு மேலே தூக்கிக்கொண்டு வந்தாள். ஏறும்போது படிகள் குறைவாகத்தான் இருந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது. வேலை முடிந்தால் வீடு. அவளே சொல்லிவிட்டாள்.

அதனால் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஆசைப்பட ஆரம்பித்தேன். சோப்பு எடுத்துக் கொடுத்தேன். ஃபெல்ட்டில் உருவாகிக்கொண்டிருந்த புதியவனின் முதுகை அக்கா தேய்க்கும்போது ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். உடம்பும் தலையும் நன்றாக வந்தன. கையில் வந்து வேலை நின்றது.

"விரல் எல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்குது தம்பி. ஃபெல்ட்டுல அஞ்சும் பிரியாது. தோசைக் கரண்டி மாதிரி வருது" என்றார் ரெஜினா அக்கா.

"பின்னினா பிரியும். நான் பின்னித் தரேன்."

"கோதண்டம் அளவுக்குப் பின்னணும்."

"சரிக்கா."

கோதண்டம் தூங்கிக்கொண்டிருந்தார். நான் என் கையைப் பார்த்துப் பின்னினேன்.

யோசனை எளிமையானது. வசுமதி அந்தக் கையைப் பிடிப்பாள். பிடித்ததும் யாருடையது என்று தெரியும். தெரிந்ததும், இது வேண்டாம்க்கா, இவரே போதும் என்பாள். இடது சுண்டு விரலின் கோணலை அப்படியே கொண்டுவந்தேன். ஆட்காட்டி விரலில் ஊசி உரசிக் காய்த்த இடத்துக்கு ஒரு கண்ணி கூடுதலாகப் போட்டேன். வாழ்நாளில் அதைவிட நன்றாக எதையும் நான் பின்னியதில்லை. எனக்கே என் கையின் மேல் கொஞ்சம் ஆசை வந்தது.

வசுமதி போட்டுப் பார்க்க வந்தாள்.

புதியவன் நடு அறையில் நின்றான். தோள் லூசு, வயிறு கச்சிதம். முகம் என்னுடையதுதான், இஸ்திரி போட்டது. "வணக்கம்" என்றான்.

அவள் அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கட்டை விரலால் அந்தக் காய்ப்பைத் தடவினாள். கண்ணை மூடினாள். ஹேங்கரில் நான் மூச்சை நிறுத்தினேன்.

"இந்தக் கைதான்க்கா" என்றாள்.

"சரியா வந்திருக்கா?"

"கோதண்டம் சார் கை அப்படியே இருக்கு."

கோதண்டம் தன் கையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"சார்..."

"விடுங்க" என்றேன்.

ரெஜினா அக்கா நூல் பிசிறுகளைக் கத்தரித்துவிட்டுப் புதியவனைத் தட்டிக்கொடுத்தார். வசுமதி பையை விரித்தாள்.

"கை அளவைக் கொடுத்திருங்கக்கா. அவங்க வீட்ல தேடுவாங்க."

கோதண்டம் பைக்குள் இறங்கினார். ரெஜினா அக்கா என் தோளைத் தொட்டார்.

"இந்த அளவு?"

"இங்கேயே இருக்கட்டும்க்கா. அடுத்தது தைக்கும்போது வேணும்ல."

கிளம்பும்போது என்னை ஒரு முறை பார்த்தாள். கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது போல.

"வெந்நீர் ஊத்திறாதே. சுருங்கிருவான்" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

சாயங்காலம் ரெஜினா அக்கா என்னை வெளிக்காற்று படட்டும் என்று பால்கனிக்கு மாற்றினார். கட்டடம் சற்று வளைந்துகொடுத்தது. கீழே எங்கள் வீட்டு பால்கனி முழுவதும் தெரிந்தது.

வசுமதி புதியவனை ஸ்டூலில் உட்காரவைத்தாள். நீட்டிய அவன் இரண்டு கைகளிலும் நூல் சிட்டத்தை மாட்டினாள். எதிரே உட்கார்ந்து நூலை உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்றாள்.

"ஆமாம்" என்றான்.

"நாளைக்கும் இப்படித்தான் இருக்குமாம்."

"இருக்கும்."

அதற்குப் பிறகு ஒரு இடைவெளி. அந்த இடத்துக்கு என்னிடம் ஒரு ஜோக் இருந்தது. அடக்க முடியவில்லை.

"சூரியனுக்கும் ஒரு உறை தைச்சுப் போட்டுட்டா போச்சு" என்று எனக்குள் சொல்வது போல மெதுவாகச் சொன்னேன். சுமாரான ஜோக்தான்.

புதியவனின் முகம் சிரிக்கவில்லை. அதில் அந்த வசதி வைக்கவில்லை. கைகள் சிரித்தன. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை குலுங்கின. சிட்டம் நழுவி நூல் சிக்கிக்கொண்டது.

"கையை ஆட்டாதீங்க."

"நான் ஆட்டலை" என்றான்.

அவள் பொறுமையாகச் சிக்கெடுத்தாள். மறுபடி மாட்டினாள். நான் இன்னொன்று சொன்னேன். கைகள் முன்னைவிட அதிகமாகக் குலுங்கின. அவள் சுற்றுவதை நிறுத்தி இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்தாள். விட்டதும் மறுபடி குலுங்கின.

"என்னமோ இந்தக் கை சரியில்லை. நாளைக்கு அக்காகிட்ட கொடுத்து, பிரிச்சுட்டு வேற வைக்கச் சொல்லணும்" என்றாள்.

"சரி" என்றான்.

மூன்றாவது ஒன்று தயாராக இருந்தது. மூன்றிலும் அதுதான் நல்லது. வாயை மூடிக்கொண்டேன்.

கைகள் மெல்ல அடங்கின. அவள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி சுற்றத் தொடங்கினாள். நூல் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்ப் போய் வந்தது. நூல் வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்துச் சுண்டு விரல் லேசாகத் தாழ்ந்து வழிவிட்டது. அவள் கவனிக்கவில்லை. உருண்டை அவள் மடியில் பெரிதாகிக்கொண்டே போனது.