எதிரணியில் சித்தப்பா மகள்

நெட்டை, குட்டை என்று பட்டப்பெயர் வாங்கிய இரண்டு பெண்களுக்கும் ஒரே வயசு, ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அப்பாக்கள் கூடப்பிறந்தவர்கள், சேர்ந்தே வெல்டிங் பட்டறை நடத்தினார்கள். பள்ளிக் கூடைப்பந்து அணியில் குட்டை பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு பக்கம் வீசுவாள். அங்கே நெட்டை நிற்பாள். "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மூளை. அதையும் பாதி நாள் வீட்டுல வச்சிட்டு வந்துடுறாங்க," என்பார் கோச்.

பட்டறையின் புதுப் பெயர்ப்பலகையில் யார் பெயர் மேலே என்று தொடங்கிய பேச்சு, அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காத அளவுக்கு முற்றியது. நெட்டையின் சித்தப்பா, அதாவது குட்டையின் அப்பா, தனிப் பட்டறை போட்டார். கையோடு மகளையும் வேறு பள்ளிக்கு மாற்றினார். அந்த வீட்டுப் பேச்சை எடுத்தாலே நெட்டையின் அப்பாவுக்கு முகம் கடுகடுத்தது.

அந்த வருடம் இரண்டு பள்ளிகளும் இறுதி ஆட்டத்தில் மோதின. அதுவரை மகள் ஆடுவதை எட்டிக்கூடப் பார்க்காத அப்பா, பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் சித்தப்பா.

"அவ ஆட்டம் உனக்கு அத்துப்படி. விட்டுடாத," என்றார் அப்பா.

அத்துப்படிதான். குட்டை கீழுதட்டைக் கடித்தால் கூடையைப் பார்த்து வீசப்போகிறாள்; கடிக்காவிட்டால் பக்கத்தில் கொடுக்கப்போகிறாள். நெட்டை அந்த உதட்டையே பார்த்து ஆடினாள். கடைசி நொடிகளில் நெட்டையின் அணி ஒரே ஒரு புள்ளிதான் முன்னால் இருந்தது. குட்டை உதட்டைக் கடித்தாள். நெட்டை எம்பித் தட்டிவிட்டாள். விசில் ஒலித்தது.

அப்பா ஓடிவந்து தோளோடு அணைத்துக்கொண்டார். அப்படி அவர் அணைத்து எத்தனையோ காலமாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிப்பதற்குள் சித்தப்பாவின் குரல் கேட்டது.

"போயும் போயும் அவங்ககிட்டயா தோத்த?"

அவர் விடுவிடுவென்று நடந்தார். குட்டை பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். நெட்டை இரண்டடி வைத்தாள்.

"எங்க போற?" என்றார் அப்பா.

"அவகிட்ட ஒரு வார்த்தை..."

"ஒண்ணும் வேணாம். வா வீட்டுக்கு."

அவள் அப்பாவின் பின்னால் போனாள்.

சாப்பாட்டுத் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவளிடம் அம்மா, "ஜெயிச்சவ மூஞ்சியா இது?" என்றாள். பிறகு தலையைத் தடவிவிட்டு, "நானும் உங்க சித்திகிட்ட பேசி எத்தனை மாசமாச்சு," என்றாள் தாழ்ந்த குரலில். முன்னறையில் அப்பா யாரிடமோ போனில் ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் மருந்துக்கடை வாசலில் குட்டையைப் பார்த்தாள்.

"பிராக்டிஸ் இல்லையா?"

"விட்டுட்டேன். அப்பா வேணாம்னுட்டார்."

"நான் வேணும்னு பண்ணலடி."

"வேணும்னுதான் பண்ண. என் உதட்டையே பார்த்துட்டு இருந்த. நான் கவனிச்சேன்." குரலில் கோபமே இல்லை. "பரவால்ல. நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். அப்பா வர்ற நேரம், நீ போ."

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது நெட்டைக்கு.

அடுத்த வருடம் அவள் கேப்டன் ஆனாள். அப்பா ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை. கூப்பிட்டால், "பட்டறையில வேலை கிடக்கு," என்பார். பிறகு அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.