அடி டிரே ஜோதியும் சோளக்காட்டு ஊரும்

ஒரகடம் கம்பெனியில் ஜோதிக்கு ‘அடி டிரே ஜோதி’ என்று பெயர். வெளியிலிருந்து வந்து இறங்கும் ரப்பர் வளையங்களை அவள்தான் சோதித்து உள்ளே விடுவாள். மேல் டிரேயைத் தொடவே மாட்டாள். குனிந்து அடி டிரேயை உருவி, பார்க்காமலே கைவிட்டு எட்டு எடுப்பாள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் அந்த ஒரு சோற்றைச் சமைத்தவனே பொறுக்கி நீட்டினால் அது என்ன பதம்?

இவ்வளவு கெட்டிக்காரி, சொந்த விஷயத்தில் கோட்டை விட இருந்தாள். 2005 ஏப்ரல் அது. நிதிப் பொறியியல் மேற்படிப்புக்கு அமெரிக்காவில் அவளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று நியூயார்க், ஒரே வருஷப் படிப்பு. வழவழவென்று புத்தகம் அனுப்பியிருந்தார்கள், பக்கத்துக்குப் பக்கம் கோட்டு போட்ட பிள்ளைகள் சிரித்தார்கள். ஃபீஸ் கட்ட வேண்டுமென்றால் பிள்ளைப்பாக்கத்தில் இருந்த ஒரே ஏக்கர் ரோட்டோர நிலத்தை விற்க வேண்டும். இன்னொன்று சோளக்காட்டு நடுவே, பெயர் வாயில் நுழையாத ஊர். இரண்டு வருஷம், அங்கேயே இளங்கலைப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்தால் ஃபீஸ் கிடையாது. அவர்கள் அனுப்பியது மங்கலான இரண்டு தாள்.

ஜோதி நியூயார்க் என்றாள். “உன் இஷ்டம்மா,” என்றார் அப்பா கோதண்டம். வெள்ளிக்கிழமை காலை புரோக்கர் முனிரத்தினம் அட்வான்ஸோடு வருவதாக முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை ஒரு லோடை அவள் திருப்பி அனுப்பியபோது டெம்போ டிரைவர் கெஞ்சினான்.

“மேல பாருங்க மேடம், அல்லாம் சூப்பரா கீதே!”

“மேல இருக்கறது நீங்களே அடுக்கனது. அத்த பாத்து எவளாவது பாஸ் போடுவாளா?”

சொல்லி வாய் மூடவில்லை, நியூயார்க் ஞாபகம் வந்தது. அந்த வழவழப்புப் புத்தகத்தை அடுக்கியது யார்?

ஷிப்ட் முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கல்லூரிகளின் இணையதளத்திலும் போன வருஷம் முடித்தவர்களின் பட்டியல் ஈமெயில் முகவரியோடு இருந்தது. போட்டோவில் சிரித்தவர்களை விட்டுவிட்டு, ஐந்தாவது பெயர், பத்தாவது பெயர் என்று எண்ணி, கல்லூரிக்கு எட்டுப் பேரிடம் ஒரே கேள்வி கேட்டாள். இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள்?

வியாழக்கிழமை பதில்கள் வந்திருந்தன. நியூயார்க்கில் படித்த ஐந்து பேர் எழுதியிருந்தார்கள், வேலை ஒருவருக்குத்தான். விஜயவாடாக்காரர் ஒருவர் ஊர் திரும்பிப் பழைய கம்பெனியிலேயே சேர்ந்துவிட்டாராம். வேலை திரும்பக் கிடைத்தது, அப்பா விற்ற தோப்புதான் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். சோளக்காட்டிலிருந்து ஆறு பதில். ஆறு பேரும் காப்பீட்டுக் கம்பெனியிலோ சின்ன வங்கியிலோ வேலையில் இருந்தார்கள். ஒருவர் மட்டும் குளிரையும் கறிவேப்பிலை இல்லாத கொடுமையையும் பற்றி ஒரு பக்கம் புலம்பியிருந்தார். ஜோதி “அப்பாடா!” என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஊரெல்லாம் நியூயார்க் என்று தம்பட்டம் அடித்தாகிவிட்டதே என்ற வெட்கத்தில் அன்றிரவு அப்பாவிடம் வாய் திறக்கவில்லை. விடிந்ததும் அவரைத் தேடி நிலத்துக்கே போனாள்.

“நைனா, முனிரத்தினத்த வர வேணான்னு சொல்லிடு. நான் அந்த சோளக்காட்டு ஊருக்கே போறேன். செலவு இல்ல, வேலையும் கெடைக்குது. விசாரிச்சிட்டேன்.”

கோதண்டம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“அங்க நெஜமாவே சோளந்தான் போடறானுங்களா?”

“ஆமா நைனா.”

“அப்ப நல்ல ஊராத்தான் இருக்கும்,” என்றவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஜோதி அவருக்குப் பின்னால் பார்த்தாள். ஆடியில் அறுக்கும் சொர்ணவாரிப் பட்டத்துக்கு விட்ட நெல் நாற்று விரற்கடை உயரம் முளைத்து நின்றது.

“இன்னா நைனா இது? இன்னிக்கி விக்கப் போற நெலத்துல போன வாரம் நாத்து வுட்டுக்கீற?”

“கை சும்மா இருக்கல,” என்றார் கோதண்டம், அவள் முகத்தைப் பார்க்காமல். பிறகு மெதுவாகக் கேட்டார்: “நீ எப்ப கெளம்பணும்?”

“ஆகஸ்டுலதான் நைனா. அறுப்ப முடிச்சிட்டே போறேன்.”