வெறும் வயிற்றுச் சுருள்கள்

சுரேந்திரன் சுற்றிய மோட்டார் இருபது வருஷத்தில் ஒன்றுகூட எரிந்து திரும்பி வந்ததில்லை. இலங்கையில் கஹவத்தைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரிக்கு அவன்தான் எலக்ட்ரீஷியன். இந்தப் பெருமையைக் கேட்டவர்களுக்கும் சொல்வான், கேட்காதவர்களுக்கும் சொல்வான். அப்படிப்பட்டவனிடம் 2008 சித்திரையில், கோயில் திருவிழாவுக்கு ஜெனீவாவிலிருந்து வந்த தங்கச்சி விஜயகலா, "அண்ணே, எனக்கு ஆறு சுருள் சுத்தித் தாங்க" என்று கேட்டால் எப்படி இருக்கும்? இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை அவனுக்கு.

விஜயகலா அங்கே இன்ஜினியர். பூமிக்கு நூறு மீட்டர் கீழே, அணுவைவிடச் சின்னத் துகள்களை மோதவிட்டு, சிதறுவதைப் பிடித்துப் பார்க்கிற ஒரு மாபெரும் இயந்திரம். அதன் வயிற்றுக்குள் இருக்கிற ஆயிரக்கணக்கான கருவிகளுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். தூரத்திலிருந்து தடித்த வயரில் கொண்டுவந்தால் வழியிலேயே பாதி சூடாகிப் போய்விடுகிறது. கருவிக்குப் பக்கத்திலேயே ஒரு சிப்பை வைத்து வோல்டேஜை இறக்கிக் கொடுக்கலாம்தான். ஆனால் அங்கே அடிக்கிற கதிர்வீச்சில் சாதாரண சிப் சீக்கிரமே செத்துவிடும். சாகாத சிப் ஒன்றை அவள் மூன்று வருஷமாக வரைந்துகொண்டிருந்தாள்.

"எப்புடி சாகாம வச்ச?" என்று சுரேந்திரன் கேட்டான்.

"கதிர் பட்டா டிரான்ஸிஸ்டரோட ஓரத்துல கரண்ட் கசியும்ண்ணே. றப்பர் மரத்துல பால் வெட்டுக் கோட்ட விட்டு ஓரமா வழியுமில்ல, அந்த மாதிரி. நான் ஓரமே இல்லாம சுத்தி வட்டமா வரஞ்சிட்டேன். வழியறதுக்கு எடமே இல்ல."

கசிவைக் கண்டால் டேப் சுற்றத் தெரியும் சுரேந்திரனுக்கு. ஃபெக்டரியில் எல்லாருக்கும் தெரியும். கசிகிற ஓரத்தையே இல்லாமல் ஆக்கலாம் என்று நினைக்க ஒரு மூளை வேண்டும். அந்த மூளை தன் கூடவே இதே லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்தது என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

சிப் கதிர்வீச்சில் பாஸாகிவிட்டது. இனி ஒரே சோதனைதான் பாக்கி. அந்த இயந்திரம் முழுவதும் ஒரு ராட்சதக் காந்தத்துக்குள் இருப்பதால், சிப்பும், அதோடு சேர்ந்து வோல்டேஜை இறக்குகிற செப்புக் கம்பிச் சுருளும் காந்தத்துக்குள் வேலை செய்து காட்ட வேண்டும். "காந்தம் எனக்கு ஒரு நாள்தான் கெடைக்கும். அன்னைக்கி தோத்தா வேற குழுவோட டிசைன எடுத்துருவாங்க. மூணு வருஷமும் வீண்" என்றாள் விஜயகலா. கடையில் வாங்கிய சுருளில் கம்பி ஒரே சீராக இல்லை. அதற்காகத்தான் அண்ணன் கையைத் தேடி வந்திருந்தாள்.

"பென்சில் கனத்துல சுத்துங்க. உள்ளுக்கு ஒன்னும் போட வேணாம்."

"நடுவுல கோர் போடாமயா? அது இல்லாட்டி சுருளுக்குப் பலமே வராதே."

"வேணாம்ண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் கோயிலிலிருந்து ஆள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நம் ஆட்களிடம் 'வேணாம்' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது தெரிந்ததுதானே. விருந்தாளி வேணாம் வேணாம் என்று இலையைக் கையால் மறைத்தால், விரலிடுக்கில் சோற்றை வைத்தால்தான் மரியாதை. வேணாம் என்றதும் கரண்டியை எடுத்துக்கொண்டு போனவனைப் பற்றி ஆயுசுக்கும் பேசுவார்கள். தங்கச்சி அண்ணனுக்குச் சிரமம் கொடுக்க வெட்கப்படுகிறாள் என்று சுரேந்திரன் முடிவு கட்டினான். சுருளை வெறும் வயிற்றோடு அனுப்புவதா? பழைய ரேடியோக்களைப் பிரித்து, உள்ளே இருக்கிற, காந்தம் இழுக்கிற கறுப்பு ஃபெரைட் குச்சிகளை அரத்தால் கீறி ஒடித்து, ஆறு சுருளுக்குள்ளும் சொருகி, இரண்டு முனையையும் வார்னிஷால் மூடினான். பால்மா டின்னில் பஞ்சு வைத்து அடுக்கிக் கொடுத்தான். சொல்லவில்லை. அங்கே போய்ப் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டான்.

அவள் புறப்பட்டுப் போன இரண்டாம் நாள், கோயில் லவுட்ஸ்பீக்கர் ரிப்பேருக்கு வந்தது. சுரேந்திரன் அதன் காந்தத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ வாயடைத்துப் போனது. காந்தத்தைத் தள்ளி வைத்தான், பாடியது. கிட்டே கொண்டுபோனான், அடங்கியது. ரேடியோவுக்குள் இருப்பதும் அதே ஃபெரைட் குச்சிதான். ஒரு ஸ்பீக்கர் காந்தத்துக்கே அது இந்தப் பாடு படுகிறதென்றால், அந்த ராட்சதக் காந்தத்துக்குள்?

வேணாம் என்றவள் நிஜமாகவே வேணாம் என்றிருக்கிறாள். கட்டியிருந்த சாரத்தை மாற்றக்கூடத் தோன்றாமல் பஸ்ஸைப் பிடித்து, கஹவத்தை டவுனில் ஸம்சுதீன் நானாவின் கொமியூனிகேஷன் டெலிபோன் கடைக்குள் ஓடி, ஜெனீவாவுக்கு லைன் போடச் சொன்னான்.

"கலா, நான் ஒரு பாவம் செஞ்சிட்டேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினான். இருபது வருஷப் பெருமை சொல்லச் சொல்லக் கரைந்துபோனது.

"சுருளோட அளவு எக்கச்சக்கமா காட்டுச்சு. காலையிலருந்து மீட்டரதான் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள் விஜயகலா. "நாளைக்கித்தான் காந்தம். எப்புடி வெளிய எடுக்கிறது?"

"வார்னிஷ லேசா சூடு காட்டு. எளகுனதும் குச்சியால தள்ளு. கம்பியத் தொடாத."

அந்தப் போன் பேசி மூன்றாம் நாள் ஃபெக்டரி ஒஃபீஸுக்கு அவளே கோல் எடுத்தாள். சுரேந்திரன் கிரீஸ் கையோடு ஓடி வந்தான்.

"அஞ்சுலதான் கோர எடுத்தேன். ஒன்ன அப்புடியே விட்டுட்டேன்."

"ஏன் கலா?"

"சுருள் ஏன் வெறுமையா இருக்கு, கோர் போட்டா சின்னதா செய்யலாமேன்னு அந்த மத்தக் குழு மூணு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்திச்சு. கணக்குப் போட்டுக் காட்டியும் நம்பல. அதான் எல்லார் முன்னுக்கும் ஒரே காந்தத்துல ஆறையும் வச்சேன். அஞ்சும் அசையாம வேல செஞ்சிச்சு. எந்த மெஷின்ல சுத்துனீங்கன்னு கேட்டாங்க. எங்க அண்ணன்னு சொன்னேன். என் டிசைனத்தான் எடுத்திருக்காங்கண்ணே."

சுரேந்திரன் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப அந்த ஆறாவது?"

"காந்தத்துல குச்சி அடங்கி, கரண்ட் எகிறி எரிஞ்சிருச்சுண்ணே. பொகையோட."

அன்று சாயங்காலம் ஃபெக்டரி மோட்டாரடியில் நின்றவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும், சுரேந்திரன் சொல்லிக்கொண்டு திரிந்தான்: "நான் சுத்துனதுல ஒன்னு எரிஞ்சிருச்சு, தெரியுமா?"