தொழுகை இல்லாத நாள்

எறும்பு அன்று காலையில் பெரியவளாகிவிட்டாள். ஒரு இடத்தில் உட்காராமல் சுற்றிக்கொண்டே இருப்பாள் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். மறுநாள் ஆண்டுப் பரீட்சை தொடங்குகிறது. வருகிறதுதான் வருகிறது, பரீட்சை முடிந்து வந்தால் என்ன கெட்டுப்போகும் என்று குளியலறைக்குள் நின்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஊர் உலகத்தில் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். ஆனால் இந்த வீட்டில் அன்றோடு பள்ளிக்கூடம் நின்றுவிடும். "பெரியவளாகுற வரைக்கும் படிக்கட்டும்" என்று வாப்பா சொன்னது ஒரே ஒரு தடவை. அவர் தையல்காரர். வெட்டிய துணியைப் போலத்தான் அவர் பேச்சும், பிறகு ஒட்டவைக்க முடியாது. மூத்தவள் ராத்தாவுக்கு அப்படித்தான் நின்றது. பாதிப் பரீட்சை எழுதியிருந்தவள் மீதிப் பாதிக்குப் போகவே இல்லை. எழுதிய பாதியில் என்ன மதிப்பெண் என்று கேட்டுவரக்கூட இந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எறும்பு ஒரு முடிவுக்கு வந்தாள். பரீட்சை முடிகிறவரை மூச்சு விடக்கூடாது. வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டால், நிறுத்த வாப்பாவுக்கே மனசு வராது. அது அவள் போட்ட கணக்கு.

முடிவு எடுப்பது சுலபம், இந்த வீட்டில் இதை மறைப்பதுதான் குதிரைக்கொம்பு. ஐந்து வேளையும் பெண்கள் நடு அறையில் வரிசையாக நின்று தொழுவார்கள். அந்த நாட்களில் மட்டும் தொழக்கூடாது. "எனக்குத் தொழுகை இல்ல" என்று ஒருத்தி சொல்லிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தால் போதும், மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். யார் நின்றாள், யார் ஒதுங்கினாள் என்பது வாப்பாவின் அக்காவான மாமிக்கு அத்துப்படி. வீட்டின் சாவி மட்டுமல்ல, இந்தச் சங்கதியும் அவள் கையில்தான்.

அதனால் எறும்பு மதியத் தொழுகைக்கு எல்லோருடனும் போய் நின்றாள். தொழப்போகிறேன் என்று மனசுக்குள் நிய்யத் வைக்கவில்லை, வாயைத் திறந்து ஒரு எழுத்து ஓதவில்லை. 'யா அல்லா, நான் தொழல. சும்மா குனிஞ்சு நிமிர்றேன். இதைத் தொழுகைன்னு எடுத்துக்காதே' என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டாள். மாமியை ஏமாற்றலாம், அவனை ஏமாற்றக்கூடாது என்பதில் அவள் மகா கறார்.

பக்கத்தில் நின்ற ராத்தா அவளுடைய அசையாத உதடுகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். காலையில் துவைத்த துணியை எறும்பு மறைத்துக் காயப்போட்டதையும் அவள் பார்த்திருந்தாள். ராத்தா இப்போதெல்லாம் எதற்கும் சிரிப்பதும் இல்லை, எதையும் கேட்பதும் இல்லை. அவள் வாயைத் திறந்தால் முடிந்தது கதை.

சாயங்காலம் அஸர் தொழுகையும் அப்படியே ஒப்பேறியது. பாயைச் சுருட்டப் போனவளை மாமி நிறுத்தினாள்.

"நாளைக்குப் பரீட்சைல்ல? யாசீன் ஓதிட்டுப் போ. அலமாரியில இருந்து குர்ஆனை எடுத்துட்டு வா."

"அப்புறமா ஓதுறேன் மாமி. கணக்கு இன்னும் முடிக்கல."

"கணக்கைப் போட வைக்கிறவனே அவன்தான். எடுத்துட்டு வா."

அலமாரி நாலு எட்டில் இருந்தது. இந்த நிலையில் குர்ஆனைத் தொடக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதே மாமிதான். குனிந்து நிமிர்வதற்கு ஒரு சமாதானம் சொல்லிவைத்தாயிற்று. தொடுவதற்கு என்ன சமாதானம் சொல்வது? யோசிக்கிறதற்குள் கை தானாகத் தலைத்துணியின் முந்தியை இழுத்து விரல்களைச் சுற்றிக்கொண்டது. துணியோடு குர்ஆனைத் தூக்கித் திரும்பிய பிறகுதான் செய்த முட்டாள்தனம் புரிந்தது.

தொழுகை இல்லாத நாளில் அலமாரியைத் துடைக்க நேர்ந்தால், இந்த வீட்டுப் பெண்கள் இப்படித்தான் துணியைச் சுற்றிக்கொண்டு குர்ஆனை நகர்த்துவார்கள். சுத்தமாக இருக்கிற ஒருத்தி அப்படி எடுக்கமாட்டாள். வாயால் சொல்லாததைக் கை சொல்லிவிட்டது.

உம்மாவின் முகம் வெளிறியது. திரைக்கு அந்தப் பக்கம் வாப்பாவின் தையல் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி இது?" என்றாள் மாமி.

"கை ஈரம் மாமி."

மாமி எழுந்து வந்து துணியை விலக்கி உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். "ஈரம் எங்க இருக்கு?" ராத்தாவின் பக்கம் திரும்பினாள். "நீதானே இவ பக்கத்துல படுக்குற. ஏதாச்சும் உண்டா?"

ராத்தா பாயின் ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள், "எனக்குத் தெரியாது மாமி. படுத்தா நான் கட்டை மாதிரி."

"விடுங்க மதினி, சின்னப் புள்ள" என்று உம்மா இழுத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. குர்ஆனை இருந்த இடத்துல வைக்கட்டும். துணி இல்லாம வெறுங்கையால எடுத்துட்டு வரட்டும். அவ்வளவுதான்."

இயந்திரம் நின்றது. "என்ன அங்க?" என்றார் வாப்பா.

"ஒண்ணுமில்ல தம்பி. புள்ள ஓதப் போறா."

மாமியைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு பெரிய பொய்க்காரியும் இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று அவள் முழு மனசோடு நம்பினாள். எறும்பும் நேற்றுவரை அப்படித்தான் நம்பியிருந்தாள்.

குர்ஆனைத் திருப்பி வைத்தாள். துணியைத் தோளில் போட்டாள். 'மன்னிச்சிடு. எனக்கு வேற வழி தெரியல' என்று மட்டும் சொல்ல முடிந்தது. கையை நீட்டி எடுத்தாள். அட்டை சில்லென்று இருந்தது. கை கருகவில்லை, கூரை இடியவில்லை. வந்து உட்கார்ந்து விரித்து ஓத ஆரம்பித்தாள்.

குரல் நடுங்கி நடுங்கி வந்தது. கண்ணீர் தாடையில் இறங்கியது. மாமி கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தாள். பிறகு அவள் கண்ணும் கலங்கிவிட்டது. "பயந்து ஓதுறா பாரு. இப்படித்தான் ஓதணும்" என்று உம்மாவிடம் மெல்லச் சொன்னாள். ஓதி முடித்ததும் திரைக்கு அப்பாலிருந்து வாப்பா தொண்டையைச் செருமினார்.

"நல்லா ஓதுது புள்ள. காலையில பரீட்சைக்கு நானே கொண்டுபோய் விடுறேன்."

எறும்பு கொல்லைக் குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்தாள். தோல் சிவந்த பிறகும் தேய்த்தாள். ராத்தா பின்னாலேயே வந்து குழாயை மூடினாள்.

"போதும், தோலு உரிஞ்சிடும்."

"தொட்டுட்டேன் ராத்தா. எனக்கு என்ன ஆகும்?"

ராத்தா தன் முந்தியால் தங்கையின் கையைத் துடைத்துவிட்டாள். ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல்.

"எனக்கு எப்படித் தெரியும்? என்னையும் மாமி எடுக்கத்தான் சொன்னாங்க. நான் தொடல. எனக்குத் தொழுகை இல்லன்னு உண்மையைச் சொன்னேன். எனக்கு என்ன ஆச்சுன்னுதான் நீ தெனமும் பாக்குறியே."