சிவப்புத் துணி கட்டிய பயிர்கள்

தாடையைக் கட்ட வெள்ளைத் துணியில் ஒரு கீற்றைக் கிழித்தாள் றபீக்கா. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மூச்சடங்கி மௌத்தான வாப்பாவின் வாய் மூடவே மாட்டேன் என்றது. போன வாரம் அவளுடைய பழைய சிவப்புச் சேலையை இப்படித்தான் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக் கொடுத்தாள். வயலில் சில பயிர்களுக்குக் கட்ட வாப்பா கேட்டிருந்தார்.

அரசாங்கம் தந்த குட்டை நெல்லில் விளைச்சல் உண்டு, மாட்டுக்கு வைக்கோல் இல்லை. பழைய நெட்டை நெல்லோ கதிர் பாரத்தில் சேற்றில் சாய்ந்துவிடும். பூக்கும் காலத்தில் ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் உதறி விதையெடுத்தார் வாப்பா. முளைத்தவை ஒன்றைப்போல் ஒன்றில்லை. இந்தப் போகத்தில்தான் உயரமும் தடித்த தண்டும் கனத்த கதிருமாகச் சில பயிர்கள் சாயாமல் நின்றன. இருந்த விதை முழுவதும் வயலின் அந்த ஒரு துண்டிலேயே விதைத்தாகிவிட்டது.

"துணி கட்டினத விதைக்கு நீயே அறுத்தெடு மகள். வேற ஒருத்தரையும் தொட உடாத" என்று நேற்றுக்கூடச் சொன்னார்.

பொத்துவில் சொந்தக்காரர்கள் வரும்வரை மையத்து குளிப்பாட்டாமல் கிடந்தது. வெளியே போயிருந்த அவள் புருஷன் றஸாக் வந்து, தேநீரை உறிஞ்சிக்கொண்டே வயலை எப்படிப் பிரிப்பது என்று முற்றத்தில் கதைத்தான். பிறகு அவனே வாசலில் வந்து நின்றான்.

"கத்தச் சாப்பாட்டுக்கு மாடு வாங்கியாச்சி. தீனியும் அறுத்திட்டு வந்தன்."

"எங்க அறுத்தீங்க?"

"ஒங்கட வாப்பாட கலப்புத் துண்டுலதான். குட்டையில என்ன கிடக்கு? உசரமா, தடிப்பா நின்டதாப் பாத்து அறுத்தன். நல்ல கட்டு."

"துணி கட்டியிருந்திச்சே."

"ஓம், என்னமோ கந்தல். தேடுற வேல மிச்சமாப் போச்சி."

"எல்லாத்தையுமா?"

"பின்ன? மிச்சம் வெச்சி என்ன செய்ய?" என்று ஏப்பம் விட்டான்.

அந்தக் கை இனி வாப்பாவின் மையத்து வைத்த சந்தூக்கையும் தூக்கும். நினைக்கவே அருவருப்பாக இருந்தது. உள்ளே யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவள் பின்வளவுக்குப் போனாள்.

தென்னையில் கட்டியிருந்த மாட்டின் முன்னால் சாணமும் மிதிபட்ட நெல் தாள்களும்தான் கிடந்தன. அதன் கடைவாயில் சிவப்புத் துணி ஒன்று தொங்கியது. பிடித்து இழுத்தாள். நுரையும் எச்சிலுமாகக் கைக்கு வந்தது. விரித்துப் பார்த்தாள். ஒரு நெல்மணிகூட ஒட்டியிருக்கவில்லை.

கிணற்றடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். உள்ளே வந்தபோது வாப்பாவின் தாடைக் கட்டுத் தளர்ந்திருந்தது. அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினாள்.