முட்டிக்குள்ளே ஒரு மாளிகைக் கதவு

வானொலி நாடகங்களுக்குச் சத்தம் போடுகிறவருக்கு வேலை போய்விடும் போலிருந்தது. சத்தம் போடுகிறவர் என்றால் கத்துகிறவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கத்துவது அவருடைய வீட்டம்மாவின் இலாகா. இவர் ஒலிக்கூடத்தில் கறுப்புத் திரைக்குப் பின்னால் மைக்கோடு உட்கார்ந்திருப்பார். இரண்டு மரக்கிண்ணத்தைத் தட்டினால் குதிரை ஓடும். தகரத்தை உலுக்கினால் இடி இடிக்கும். தட்டில் பட்டாணியை உருட்டினால் அடைமழை. ஒலிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

புது டைரக்டர் வந்தார். கையோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. அதற்குள் நாலாயிரம் சத்தம் இருந்ததாம். முதல் வாரமே குதிரையும் இடியும் மழையும் ஓய்வு பெற்றன. மிஞ்சியது ஒன்றே ஒன்று: வியாழக்கிழமை நாடகத்தில் வரும் பாழடைந்த மாளிகையின் கதவு. கம்ப்யூட்டர் கதவையும் ஒரு வாரம் போட்டுப் பார்த்தார்கள். மறுநாள் டெலிபோன் ஓயவில்லை. "எங்க கதவை என்னய்யா பண்ணீங்க?" என்று கேட்ட நேயர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி. தூக்குத் தண்டனை விதித்தபோது அழாத மனிதர், போனில் விசும்பினார்.

டைரக்டர் ஒலிக்காரரைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் பேசினார்.

"அந்தக் கதவு இருக்கிற வரைக்கும் நீங்க இருக்கலாம். அது போச்சுன்னா நீங்களும் கிளம்ப வேண்டியதுதான். ஆமா, அது எந்தக் கதவுங்க? ஒரு தடவை காட்டுங்களேன்."

"தொழில் ரகசியம் சார்."

ரகசியம் அவருடைய வலது கால்சட்டைக்குள் இருந்தது. அந்த முட்டியை மெல்ல மடக்கினால் போதும், நூறு வருஷமாக யாரும் திறக்காத கதவு ஒன்று திறக்கும். நீட்டினால் மூடும். வீட்டில் செருப்பை எடுக்கக் குனிந்தாரானால் சமையலறையிலிருந்து "யாரு வந்திருக்கா?" என்று குரல் வரும். வலி உயிரை எடுக்கத்தான் செய்தது. ஆனால் சோறு போடுகிற வலியை யார் வைவார்கள்?

வீட்டம்மாவுக்கு இந்த விஷயம் தெரியாது. வியாழக்கிழமை தோறும் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, கதவு திறந்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். "கதவுன்னா இது கதவு!" என்பார். ஒலிக்காரர் வீடு திரும்பி ஷூவைக் கழற்றக் குனிந்த மறுநொடி, "இந்தச் சனியன் பிடிச்ச முட்டியை என்னைக்குத்தான் சரி பண்ணப் போறீங்க?" என்பார். கலைஞன் என்றால் இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அந்த அம்மாள் காதில் போட்டால், நிலையத்தின் அலைவரிசை எட்டாத இடங்களுக்கெல்லாம் செய்தி எட்டிவிடும். ஒரு முட்டிக்கா இத்தனை நாள் சம்பளம் கொடுத்தோம் என்று டைரக்டருக்கும் ரோஷம் வந்துவிடும்.

இந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான். தண்ணீர் வடிகட்டி, காந்தப் படுக்கை, ஆயுள் காப்பீடு என்று எல்லாவற்றையும் குடும்பத்துக்குள்ளேயே விற்றுத் தேறியவன். இம்முறை பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தான்.

"குளுக்கோசமைன் மாத்திரை, மாமா. இறால் ஓடு, நண்டு ஓட்டுலேர்ந்து எடுக்கிறது. நண்டுக்கு எத்தனை கால்! எந்த நண்டாவது முட்டி வலிக்குதுன்னு உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?"

"நண்டு உட்கார்ந்தே நான் பார்த்ததில்லையேப்பா."

"அதைத்தானே சொல்றேன்! உட்கார வேண்டிய அவசியமே அதுக்கு வரலை."

வீட்டம்மா தம்பியைப் பெருமையோடு பார்த்தார். வேண்டாம் என்று தடுத்துவிடுவார் என்ற கடைசி நம்பிக்கையில் ஒலிக்காரர் வைத்தியரிடம் ஓடினார். வைத்தியர் நியாயமான மனுஷன். "சிலருக்குப் பலன் தெரியும், சிலருக்கு ஒண்ணும் தெரியாது. எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயலை. இறால் ஒத்துக்கும்னா ரெண்டு மூணு மாசம் சாப்பிட்டுப் பாருங்க" என்றார். ஒலிக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எந்த நல்லதும் தனக்கு நடந்ததில்லை. இது மட்டும் நடந்துவிடுமா என்ன?

வீட்டம்மாவின் கணக்கு வேறு. "சத்தம் குறைஞ்சா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம், விடக் கூடாது. குறையலைன்னா போதலைன்னு அர்த்தம், இன்னொண்ணு சேர்க்கணும்."

"எப்பத்தான் நிறுத்துறது?"

"நிறுத்துறதைப் பத்தி யாரு பேசினா? வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. ம், முழுங்கிட்டீங்க."

இப்படியாக, இந்த மாத்திரை சுத்த ஏமாற்று வேலையாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே விழுங்கிய ஒரே நோயாளி என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. மச்சினன் இதற்குமுன் விற்ற எதுவும் வேலை செய்ததில்லை என்பதால் தைரியமாகவே விழுங்கினார். பாவம், அந்தக் குடும்பத்தின் வரலாற்றிலேயே முதல் தடவையாக மச்சினன் சரக்கு பலித்துத் தொலைத்தது. மாத்திரைதான் காரணமா, முட்டிக்கே புத்தி வந்ததா என்பதை வைத்தியர்கள் சண்டை முடிந்து வந்து சொல்லட்டும். மாளிகைக் கதவு முதலில் ஜன்னலாக இளைத்தது. பிறகு மேஜை இழுப்பறை. பிறகு தீப்பெட்டி. ஒரு புதன்கிழமை ஒன்றுமே இல்லை. குனிந்தார், நிமிர்ந்தார், வெண்ணெய் மாதிரி வழுக்கியது. வலியும் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது.

ஒலிக்காரர் ஆடிப்போனார். வலியைத் திரும்ப வரவழைக்க ஈரச் சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார். முட்டி இன்னும் உரம் ஏறியதுதான் மிச்சம். இடது முட்டியைக் கெஞ்சிப் பார்த்தார். அது பிறவி ஊமை.

"இப்படி ஏறி இறங்குறீங்களே, புதுமாப்பிள்ளை மாதிரி!" என்று வீட்டம்மா பூரித்துப்போய், தம்பியிடம் மேலும் ஆறு டப்பாவுக்குச் சொல்லிவிட்டார்.

வியாழன் மாலை. நேரடி ஒலிபரப்பு. ஒலிக்காரர் திரைக்குப் பின்னால் கால்சட்டையைச் சுருட்டி, மைக்கை முட்டிக்கு நேரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முட்டி கைவிட்டால் இருக்கட்டும் என்று ஒரு பிரம்புக் கூடையும் கொண்டுவந்திருந்தார். மதியம் ஒத்திகையில் அதை முறுக்கிக் காட்டியபோதே டைரக்டர், "இது கதவா? கூடை முக்குற மாதிரி இருக்கு" என்று கண்டுபிடித்துவிட்டார். "ராத்திரி ஒழுங்கான கதவு வரலைன்னா காலையில நீங்க வர வேண்டாம்."

திரைக்கு அந்தப் பக்கம் கதாநாயகி நடுங்கிய குரலில் சொன்னாள்: "ஐயோ... கதவு தானா திறக்குதே!"

ஒலிக்காரர் முட்டியை மடக்கினார். நிசப்தம். நீட்டினார். நிசப்தம்.

"திறக்குதே...!" என்றாள் கதாநாயகி மறுபடியும், இம்முறை உண்மையான பயத்தோடு.

கண்ணாடி அறையிலிருந்த டைரக்டருக்கு முகம் சிவந்தது. ஒலிபரப்பின்போது பேசவும் முடியாது, பூட்ஸோடு நடக்கவும் முடியாது. பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி வந்து திரையை விலக்கினார். உள்ளே ஒரு மனிதர் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு தன் முட்டியைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று காதோடு கேட்பதற்காக டைரக்டர் குந்தி உட்கார்ந்தார்.

கிறீ...ஈ...ஈச்ச்!

அப்படியொரு கதவை அந்த நிலையம் கேட்டதில்லை. துரு, கறையான், பழி வாங்கத் துடிக்கும் ஆவி எல்லாம் அதில் இருந்தது. கதாநாயகி வசனத்தை மறந்து அலறினாள். அந்த அலறலுக்கு அந்த வருஷம் அவளுக்கு விருது கிடைத்தது, அது தனிக்கதை.

தொழில் என்பது ரத்தத்தில் ஊறியது. ஒலிக்காரரின் கை, கண்ணீரைத் துடைப்பதற்கு முன்பே மைக்கை டைரக்டரின் முட்டிக்கு மாற்றிவிட்டது. டைரக்டர் அரண்டுபோய் எழுந்திருக்கப் பார்த்தார். ஒலிக்காரர் தோளைப் பிடித்து அழுத்தி, இஞ்ச் இஞ்சாக எழ விட்டார். கதவு அணு அணுவாக மூடிக்கொண்டது.

ஒலிபரப்பு முடிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது வெளியே தெரிஞ்சா..." என்றார் டைரக்டர்.

"என் வாயிலேர்ந்து வராது சார். தொழில் ரகசியம்."

வேலை நிரந்தரமாயிற்று. அதிலிருந்து வியாழக்கிழமை தோறும் டைரக்டர் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பின்னால் வந்துவிடுவார்.

"மெதுவா உட்காருங்க சார். பாழடைஞ்ச மாளிகை இது. பஸ் கதவு இல்லை."

"சரிங்க."

"முகத்தைச் சுளிக்காதீங்க. சத்தத்துல தெரியுது."

ஒருநாள் நிகழ்ச்சி முடிந்ததும் மாடிப்படியின் உச்சியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்ற டைரக்டர் மெல்லக் கேட்டார்: "உயிர் போகுதுய்யா. என்னமோ நண்டு ஓட்டுல மாத்திரை வருதாமே, அது கேட்குமா?"

"அதையெல்லாம் நம்பாதீங்க சார், சுத்த ஃபிராடு" என்று சொல்லிவிட்டு, ஒலிக்காரர் மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கிப் போனார்.