ஒன்பதாம் எண்ணின் கழுத்துத் தகடு

சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், 2005 ஜனவரியில், தில்லியில் ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில், மானுட குலத்தை சார்ஸ் நோயிலிருந்து காக்கும் மாபெரும் பணி தொடங்கியது. பணியில் ஈடுபட்டவர்கள்: ஓர் இயக்குநர், பதினொரு விஞ்ஞானிகள், கிட்வாய் நகரிலிருந்து மஃப்ளர் சுற்றிக்கொண்டு வரும் செக்ஷன் ஆபீசர் சேஷன், பன்னிரண்டு குரங்குகள். குரங்குகளுக்குத் தீனி போட்ட தினக்கூலி காத்தவராயன் இந்தப் பட்டியலில் இல்லை.

ஒன்று முதல் ஆறு வரை வெறும் உப்புத்தண்ணீர் ஊசி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. மற்ற ஆறுக்கும் தடுப்பூசி. நெஞ்சில் எண்ணைப் பச்சை குத்த வேண்டும் என்பது விதி. குத்தும் கருவி டெண்டரிலேயே நின்றுவிட்டதால் கழுத்தில் தகடு மாட்டினார்கள்.

ஒன்பதாம் எண் பெண் குரங்கு. ரத்தம் எடுக்கும்போது காத்தவராயனின் சுட்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும். எடுத்து முடித்த பிறகும் விடாது.

எட்டு வாரம் போயிற்று. சிலவற்றை அறுத்து நுரையீரலைப் பார்க்கப்போவதாகப் பேச்சு வந்தது. எவற்றை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனாகவே யோசித்தான். பதினொரு வருஷம், கூலியாட்கள் வேலைக்குக் காத்து நிற்கும் லேபர் சௌக்கில் நின்றவன். காலையில் மேஸ்திரி வருவார். கூப்பிட்டவன் வேலைக்குப் போவான், கூப்பிடாதவன் வீட்டுக்குப் போவான். மருந்தே போடாத குரங்கை எதற்கு அறுப்பார்கள்? காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அன்று மாலை ஒன்பதின் தகட்டைக் கழற்றி நாலுக்கு மாட்டினான், நாலின் தகட்டை ஒன்பதுக்கு. நாலிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் கேள்வி.

மறுநாள் ஆணை வந்தது. தடுப்பூசி போட்டவை இன்னும் ஒரு வருஷம் இருக்கும். எதிர்ப்புச் சக்தி எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். உப்புத்தண்ணீர்க் குரங்குகளை அன்றே அறுக்க வேண்டும்.

காத்தவராயன் சேஷனைக் கூண்டுக்கே இழுத்துவந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

"இது நாலு இல்ல சார், ஒம்போது. நாந்தான் மாத்துனேன். வெரலப் புடிக்குது பாருங்க."

சேஷன் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பதுதான் இதில் கஷ்டம்.

"கழுத்துல என்ன போட்டிருக்கு?"

"நாலுங்க."

"அப்போ நாலுதான். டைரக்டர் கையெழுத்தாயாச்சு, மினிஸ்ட்ரிக்கு ஃபேக்ஸ் போயாச்சு. குரங்கு மாறிப்போச்சுன்னு நான் போய்ச் சொன்னா, எட்டு வாரமா எது எதுன்னு கேப்பா. உன் வேலையும் போகும், என் பென்ஷனும் போகும்." குரலைத் தணித்தார். "நீ வேணா பக்கத்துல நின்னுக்கோ."

நின்றான். மயக்க ஊசி ஏறும்போது விரலைக் கொடுத்திருந்தான். பிடி தளர வெகுநேரமாயிற்று. நுரையீரலில் குறையொன்றுமில்லை என்று நாலாம் எண்ணுக்கு எதிரே எழுதினார்கள்.

உலகில் அந்த நோய் யாருக்கும் வராமல் அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது.